செல்லாத மூன்று பாடங்கள்

சாவியில் நூற்றுப் பதினாலு.
கதவிலும் நூற்றுப் பதினாலு.
திறக்கவில்லை.
காவலர் வந்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி
"இது இப்படித்தான்" என்றார்.
வரவேற்புரை அவ்வளவுதான்.

கீழே அப்பாவின் வேன்
விரிவுரையாளர்கள் நிறுத்துமிடத்தில் நின்றதால்
அழுவதற்கென்று ஒதுக்கியிருந்த ஐந்து நிமிடமும்
வண்டியை நகர்த்துவதில் போயிற்று.
தலையணையை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு
தைப்பிங்குக்குத் திரும்பிவிட்டார்.

என் கட்டில்மேல் ஒரு பருவம் முழுக்க
அத்திக்காவின் சாமான்கள் குடியிருந்திருக்கின்றன:
மெகி அட்டைப்பெட்டி, காயாத துவாலை,
நரம்பு அறுந்த பூப்பந்து மட்டை,
கிளந்தானிலிருந்து வந்த புடு போத்தல் இரண்டு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கடல் உள்வாங்குவதுபோல்
ஒவ்வொன்றாய்த் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
மெத்தையில் ஒரு ஈரக்கோடு மிஞ்சியது.

புதியவர் வாரத்தில் என்னையும் நிறுத்தினார்கள்.
பத்தொன்பதுகளின் நடுவே இருபத்திரண்டு,
கழுத்தில் பச்சை அட்டையோடு
விடுதிப் பாட்டுக்குக் கைதட்டினேன்.
என் வகுப்புக்காரர்களுக்கோ
முதலாம் ஆண்டில் நடந்த ஏதோ குரங்குக் கதை.
யாராவது "குரங்கு" என்றாலே
மேசை முழுக்கச் சிரிக்கிறது.
நானும் அரை விநாடி பிந்திச் சிரிக்கிறேன்.

கேண்டீன்காரர் கேட்டார்: "புதுசா?"
"இரண்டாம் ஆண்டு."
"பார்த்ததே இல்லையே."
அவர் போட்ட தே ஓவில் சீனி அதிகம்,
அதைச் சொல்லும் உரிமை
எத்தனையாவது வாரத்தில் வரும்?

பதிவகத்திலிருந்து ஒரு கடிதம்.
பதினான்கு பாடங்கள் கொண்டுவந்தேன்.
பதினொன்று செல்லும்.
புள்ளியியல், நுண்பொருளியல், கணக்கியல் ஒன்று
செல்லாது.
படித்துத் தொலைத்ததை என்ன செய்வதென்று
கடிதத்தில் இல்லை.
சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டால்கூடக் கை காலியாகும்.
இதுவோ தலைக்குள்ளேயே கிடக்கிறது,
முத்திரை இல்லாமல்.

'சராசரி என்றால் என்ன' என்று விரிவுரையாளர் கேட்கும்போது
தெரியாதவள்போல் ஜன்னலைப் பார்க்கிறேன்.
குளுகோர் மேட்டிலிருந்து பாலம் தெரியும்.
வண்டிகள் தீவுக்கு வருகின்றனவா
தீவை விட்டுப் போகின்றனவா
இங்கிருந்து சொல்ல முடியாது.

காற்றாடியை மூன்றில் வைத்தால் எனக்குக் குளிர்.
ஒன்றில் வைத்தால் அவளுக்கு வேர்வை.
இரண்டு உடைந்திருக்கிறது.

அவள் மலாய் நான் பள்ளியில் படித்த மலாய் இல்லை.
சொல்லின் வாலை விழுங்கிவிடுவாள்.
மூன்று முறை "என்ன?" என்று கேட்பேன்,
நான்காம் முறை தலையாட்டிவிடுவேன்.
அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை
அவள் துணிகளையும் சேர்த்துத் துவைக்க
ஒப்புக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஐந்தாம் வாரம் மழை.
மறுநாள் புள்ளியியல் தேர்வு.
அவள் அதை இரண்டாம் முறை எழுதுகிறாள் என்பது
அன்றிரவுதான் தெரிந்தது.
கை-வர்க்கச் சோதனை.
'கை' என்பது கிரேக்க எழுத்தாம்,
எனக்கு அது எப்போதும் கைதான்.
கையால் பிஸ்கட்டுகளைப் பரப்பினேன்:
எதிர்பார்த்தது இத்தனை,
கிடைத்தது இத்தனை,
வித்தியாசத்தை வர்க்கமாக்கு,
எதிர்பார்த்ததால் வகு.

இரண்டு மணிக்கு நிமிர்ந்தாள்.
"இதை எங்கே படித்தாய்?"
"செல்லாத இடத்தில்."
அவள் சிரிக்கவில்லை.
ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள்.
கணக்கு தப்பாகிவிட்டது.

மறுநாள் மாலை வந்து பார்த்தால்
அலமாரியின் கீழ்த்தட்டு காலி.
துடைத்து, நாளிதழ் விரித்து வைத்திருந்தாள்.
மூலையில் ஒற்றைக் காலுறை, மஞ்சள்,
அவள் எடுக்க மறந்தது.

திருப்பிக் கொடுக்கவில்லை.
புத்தகங்களைப் பக்கத்தில் அடுக்கினேன்.
புடு போத்தல் ஒன்று
இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.
நாற்றம் பழகிவிட்டது என்று
பொய் சொல்லமாட்டேன்.